மேலடுக்கு

பல்கலைக்கழக கேட்டுக்கு வெளியே பைக்கில் காத்திருக்கும் சுடலை, இசக்கிசெல்வி வந்து பின்னால் ஏறியதும் முதலில் செய்கிற காரியம் திரும்பி அவள் தலையை மோந்து பார்ப்பது. பிரியத்தில் இல்லை. சண்டைக்கு ஓர் ஆரம்பம் வேண்டுமே.

"இன்னைக்கு என்னட்டி இது? அழுவுன முட்டையா?"

"அது நான் எடுத்த சாமான் இல்ல. எங்க லேப்பு ஜோயலு எடுத்தான்."

"எவன் எடுத்தா என்ன, வாடை நம்ம வீட்டுக்குல்லா வருது."

"நீங்க மட்டும் மல்லியப்பூவா? டயரக் கொளுத்துன மாதிரி வாரீங்க."

அதுவும் உண்மைதான். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் விளிம்பு செய்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. சூட்டு ரப்பர் தோலுக்குள் இறங்கிவிட்டது. சோப்பு அதற்கு மேல்தான் மணக்கும். இரண்டு வாடையும் ஒரே வண்டியில் ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் நெளிந்து, மண்ணூரில் மெர்சி வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறைக்குப் போய்ச் சேரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெளியே ஒரு குழாய், குழாயடியில் ஒரு சிமெண்டுக் கல். சுடலைக்கும் அவளுக்கும் சாத்தான்குளம் பக்கம். கல்யாணம் ஆன வருஷமே இங்கே வந்துவிட்டார்கள்.

மெர்சி வீட்டுக்காரி மட்டும் இல்லை. இசக்கிசெல்வி ஆராய்ச்சி செய்கிற மருந்து வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவளும் அவள்தான். அறை காலியானபோது, "ஹாஸ்டல்ல புருஷன வச்சிக்க வுடமாட்டான், எங்க வூட்டாண்ட வந்துடு" என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

சிவசங்கர் சாரின் குழு அது. பழைய மாத்திரைகளுக்கு அடங்காத காசநோய்க்குப் புது மருந்து தேடுகிறார்கள். மருந்து என்றால் மாத்திரையும் புட்டியும் இல்லை. மாசக்கணக்கில் காய்ச்சி, வடித்து, கழுவி, கடைசியில் குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அதை வேறு ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே கிருமிமேல் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் 'இல்லை' என்று எழுதுவார்கள். மறுபடி அடுப்பை மூட்ட வேண்டும். நின்றபடி செய்கிற வேலை. கொத்தனாருக்குக் கையாள் நிற்பதும் இதுவும் காலுக்கு ஒன்றுதான். சாயங்காலம் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாக எழும்பும்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் கை கடைசிப் படியை முடிக்கிறதோ, குப்பிமேல் அவர்கள் பெயரின் முதலெழுத்து ஏறும். முடித்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்க வேண்டும். ஒருத்தர் ஆரம்பித்ததை இன்னொருத்தர் தொடுவதில்லை. தொட்டால் எழுத்து மாறிவிடும்.

இசக்கிசெல்விக்கு ஒருமுறை மாறியது.

அவளுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம், ஆய்வக வேலையில் இருக்கும்போதே போயிற்று. "அந்த மருந்து வாடைதான் புள்ளைய அழிச்சிட்டு" என்று ஊரிலிருந்து போன் வந்தது. மாமியார் சொன்னதைப் பத்துப் பேர் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாவதற்கு அவளே போய் சாரிடம் சொன்னாள். சார் நல்லவர்தான். அன்றைக்கே ஒரு விதி போட்டார்: வயிற்றுப் பிள்ளைக்காரி ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டக் கூடாது. அவள் மண்ணூரில் ஆஸ்பெஸ்டாசுக்குக் கீழே மாதுளம்பழம் உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாம் மாதம் அதுவும் போயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரம்மா, "இதனாலதான்னு ஒண்ணச் சொல்ல முடியாதும்மா, உடம்பு சில நேரம் இப்படி" என்றாள். உடம்பு தேறித் திரும்பிப் போனால், அவள் பாதியில் விட்ட பொருளை வெங்கடேசன் என்கிற சீனியர் முடித்து, தன் எழுத்தைப் போட்டு, போண்டாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஹைதராபாத் வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவனும் தப்பாகச் செய்யவில்லை. விதிப்படிதான் செய்தான்.

மூன்றாவது இப்போது. சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை, சுடலையிடமும். சொன்னால் அவன் அன்றைக்கே அவளுடைய வெள்ளைக் கோட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவான். பிறகு அவள் புதிதாகத் தொடங்கிய பொருளுக்குக் கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி. அதை முடித்துப் போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்தும்தானே போயிற்று.

ஆனால் பயம் இருந்தது. அதற்கு அவளே ஒரு வழி செய்துகொண்டாள். அந்தக் கடைசிப் படியில் பொருளைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க அவர்கள் டிசிஎம் என்கிற கரைப்பானை ஊற்றுவார்கள். வீச்சம் மண்டைக்குள் ஏறும். வயிற்றுக்காரிக்கு அது ஆகவே ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு எத்தில் அசிட்டேட் ஊற்றிக்கொள்வது என்று முடிவு செய்தாள். நகச்சாயத்தை அழிக்கிற புட்டி வாடைதான் அதற்கு. கொஞ்சம் பரவாயில்லை. முகமூடியை இறுக்கிப் போட்டுக்கொண்டால் போகிறது.

*

ஐப்பசி மழை நசநசவென்று பிடித்திருந்த ஒரு காலை. சுடலை முதல் ஷிப்டுக்கு இருட்டோடு போய்விட்டான். முன்வீட்டில் மெர்சி நெத்திலிக் கருவாடு வறுத்தாள். இசக்கிசெல்வி குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் குனிந்து வாந்தி எடுத்தாள். அழுகின முட்டை வாடையும் மீன் செத்த வாடையும் வருஷக்கணக்கில் மூக்கில் ஏற்றியவள்; கருவாட்டை அந்த மூக்கு தாங்கவில்லை.

மெர்சி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, வயிறு சரியில்லையா?"

"நேத்து பரோட்டா சாப்பிட்டேன்க்கா. ஒத்துக்கல."

"அந்த சுங்குவார்சத்திரம் கடையா? அவன் எண்ணெய மாத்தவே மாட்டான்மா. எதுக்கு அதெல்லாம் துன்ற? ரசம் தரட்டா?"

"வேண்டாம்க்கா. பஸ்ஸுக்கு நேரமாவுது."

மெர்சி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு கருவாடு தீய்கிற வாடை வந்து உள்ளே ஓடினாள்.

சார் அன்றைக்குத் திருச்சியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த மேடையில் ஜோயல் காலையிலேயே வந்து வேலையில் இருந்தான். சுங்குவார்சத்திரத்துப் பையன். அவளைவிட இரண்டு வருஷம் இளையவன். அவளுடைய பேச்சை அவளுக்கே திருப்பிப் பேசிக் காட்டுவான்.

"ஏலே ஜோயலு, என்னல பண்ணுத?" என்று அவள் கேட்கும் முன்பே அவனே அவள் குரலில் கேட்டான்.

"வாய ஒடைப்பேன்."

"ஒடையேன். இன்னிக்கி போண்டா உண்டா இல்லியா? அத்த மட்டும் சொல்லு. நான் நாஸ்தா துன்னாம வந்துகிறேன்."

"உண்டு."

"வெங்காய போண்டா. உருளக்கெழங்குன்னா நான் துன்ன மாட்டேன்."

மாசக்கணக்கில் அரைப் பிடியிலிருந்து ஒரு சிட்டிகையாகத் தேய்ந்து வந்த பொருள் ராத்திரி முழுக்கக் குடுவையில் சுழன்றிருந்தது. அதற்குமேல் எடுக்க அவளிடம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் ஊற்றினாள். எத்தில் அசிட்டேட்டை ஊற்றினாள். பேரிக்காய் வடிவத்தில் அடியில் திருகு வைத்த கண்ணாடிப் புனலுக்குள் எல்லாவற்றையும் சாய்த்து, மூடியை உள்ளங்கையில் அழுத்தி, தலைகீழாக்கி ஆட்டி, காற்றைத் திறந்துவிட்டு, வளையத்தில் மாட்டினாள். எண்ணெயும் தண்ணீரும் போல உள்ளே இரண்டு அடுக்கு பிரிந்து நின்றது. இரண்டும் நிறமில்லாதது. நடுவே ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

அப்போது சன்னல் வழியாகக் கேன்டீன் சாம்பார் தாளிக்கிற வாடை வந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. திருகைத் திறந்து கீழடுக்கைக் குடுவையில் பிடித்தது. மிச்சம் நின்ற மேலடுக்கை, தண்ணீர் கழிவு ஊற்றுகிற நீலக் கேனில் கவிழ்த்தது. வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். வேலை முடிகிறவரை எந்த அடுக்கையும் கொட்டக் கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, குடுவையில் மிச்ச ஈரத்தை உறிஞ்சச் சோடியம் சல்பேட் உப்பை ஒரு கரண்டி போட்டாள். பொருள் இருக்கிற கரைப்பானில் அந்த உப்பு மணல் மாதிரி உதிரியாக ஓடும். இது கட்டி பிடித்தது. பிறகு கரையத் தொடங்கியது. இன்னொரு கரண்டி போட்டாள். அதுவும் கரைந்தது.

குடுவையில் இருந்தது தண்ணீர்.

டிசிஎம் தண்ணீரைவிடக் கனம். பொருளைத் தூக்கிக்கொண்டு அடியில் போய் நிற்கும். எத்தில் அசிட்டேட் இலேசு, மேலே மிதக்கும். நேற்றுப் படிக்க வந்த பிள்ளைக்குத் தெரியும் இது. அவள் தலைக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. ஐந்து வருஷம் அடியைப் பிடித்துப் பழகிய கை.

"ஏலே ஜோயலு."

குரலைக் கேட்டு அவன் பகடி பண்ணவில்லை. வந்து நின்றான்.

"இன்னாக்கா?"

"மேல உள்ளதக் கொட்டிட்டேன்ல."

"இருக்கட்டும், தண்ணி தானே. நீ டிசிஎம் தானே போட்ட?"

"இல்ல. எத்தில் அசிட்டேட்டு."

"இன்னாத்துக்கு மாத்துன? எப்பவும் டிசிஎம் தானே?"

அவள் உப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். ஜோயல் நீலக் கேனைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் சுண்டியது.

"அக்கா, அதுல தான் காலைல நான் ஆசிட் கழுவுனத ஊத்துனேன். உன்னுது ஆசிட்ல நிக்காதே."

"நிக்காது. உடஞ்சிரும்."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"எனக்கு எப்படில தெரியும்? இதுக்கு முன்னால எவன் இப்படி ஊத்திப் பாத்தான்?"

அவள் கேனைத் தூக்கக் குனிந்தாள். எல்லோருடைய கழிவும் கலந்து கிடக்கிற கேன். மூடியைத் திருகியதும் அமிலமும் அழுகலும் ஒன்றாக எழும்பி வந்தன.

"கைய எடு."

கண்ணாடிச் சாமான் தட்டோடு மெர்சி பின்னால் நின்றாள்.

"கைய எடுன்னு சொல்றேன்ல. ஜோயலு, மூடிய மூடு."

"மெர்சிக்கா, நேரமில்ல. இது போச்சுன்னா எனக்கு ஒண்ணுமே இல்ல."

"நான் மூணு பெத்தவ. என்னாண்டயே பரோட்டா கத சொல்ற. காலைலயே புரிஞ்சிபோச்சி. உன் வாயால வரட்டும்னு கம்முனு கீறேன். எத்தினி நாளா தள்ளிக்கீது?"

ஜோயல் கேனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எத்தில் அசிட்டேட் புட்டியைப் பார்த்தான். மாற்றின காரணம் அவனுக்கும் புரிந்தது.

"சார் இல்லன்னா கேக்க ஆளில்லன்னு நெனச்சிக்கினியா?" மெர்சி தட்டை வைத்தாள். "வெளிய போ."

"போன தடவ வெளிய தானக்கா இருந்தேன்? என்ன ஆச்சு?"

மெர்சி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னா ஆச்சுன்னு எனக்கும் தெரியும். பாவாடைய கசக்கிப் போட்டது நானு. ஆனா மூடியத் தொறந்து நீ மோந்து, அப்பால ஒண்ணு ஆச்சுன்னா, ஆயுசுக்கும் நீ உன்னத்தான் சொல்லிக்கினு இருப்ப. அதுக்காவது வெளிய போம்மா."

இசக்கிசெல்வி கோட்டைக் கழற்றினாள். கதவோரக் கொக்கியில் மாட்டினாள். பிறகு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

*

கதவு கனமான கண்ணாடி. பேசினால் உள்ளே கேட்காது. ஜோயல் அவளுக்குப் போன் பண்ணி, ஸ்பீக்கரைப் போட்டு மேடையில் சாத்திவைத்தான். அவள் வெளியே போனைக் காதில் வைத்துக்கொண்டு நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்தாள்.

"சொல்லுக்கா. கை மட்டும்தான் என்னுது."

"கேன ஆட்டாத. மெதக்குறத மட்டும் எடு."

மெர்சி கேனைச் சாய்த்துப் பிடித்தாள். புகை உறிஞ்சுகிற கூண்டுக்குள் இருவர் தலையும் கையும். கறுப்பும் மஞ்சளுமாக ஏதோ மிதந்தது. ஜோயல் குழாய் வைத்து உறிஞ்சி உறிஞ்சி எடுத்தான். மெர்சிக்கு இருமல் வந்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெளியே நின்றவளுக்கு அந்த இருமல் போனில் கேட்டது.

"இப்ப பைகார்பனேட்டு. ஆசிட்டக் கொல்லணும். ஏல, இவ்வளவு வேகமாவா ஆட்டுவ? பைய. பைய ஆட்டு. மூடி தெறிச்சிரும்."

"பையன்னா?"

"மெதுவால."

"அத்த சொல்லேன்."

"காத்தத் தொறந்து விடு. ம். வளையத்துல மாட்டு. இனிம கேளு. மேல உள்ளதுதான் நம்மளுது."

"தெரியும்க்கா," என்றான் ஜோயல், ரொம்ப மெதுவாக.

அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திருகைத் திருப்பும்போது அவள் விரல் திரும்பியது. அவன் குடுவையைச் சுழற்றும்போது அவள் மணிக்கட்டு சுழன்றது. கோடு திருகுக்குள் இறங்குகிற அந்தச் சொட்டில் மூச்சைப் பிடிக்கிற பழக்கம் அவளுக்கு, பிடித்தாள். கதவிடுக்கில் வாடை எதுவும் வரவில்லை. தரையைத் துடைத்த பினாயில்தான் வந்தது. இத்தனை வருஷம் தலையிலிருந்து போகாதா என்று தேய்த்துக் குளித்த வாடையை இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுத்தால் போதும் என்று இருந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

ஜோயல் விரல் நீளத் தட்டு ஒன்றில் ஒரு சொட்டு வைத்து, கரைப்பான் ஏறவிட்டு, இருட்டுப் பெட்டியில் யூ.வி. விளக்குக்குக் கீழே கொண்டுபோனான். பொருள் இருக்கிற இடம் அங்கேதான் தெரியும். அவன் குனிந்தபடியே ரொம்ப நேரம் இருந்தான்.

"ஏல, சொல்லு."

"இரு."

"செத்துப்போச்சா?"

"இரு அக்கா, வட்டம் போட்டுக்கினு வரேன்."

பென்சிலால் வட்டம் போட்ட தட்டை எடுத்துவந்து, அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியில் வைத்து அழுத்தினான். வட்டத்துக்கு மேல் வட்டம், சந்தை மாதிரி. நடுவில் ஒன்று, அவளுடையது எப்போதும் நிற்கிற உயரத்தில். மற்றவற்றைவிடச் சின்னது.

"கீது," என்றான் ஜோயல். "கொஞ்சம்தான் கீது. ஊர்ச் சனமெல்லாம் கூட நின்னுக்கினு கீது. நாளைக்கி சிலிக்கா கொழாய்ல போட்டு வடிச்சா தனியா இஸ்துடலாம். அனுப்பற அளவுக்கு தேறுமான்னு தெரியல."

"நீ போடுதியா?"

"நான் தான் போடணும். வேற யாரு?"

"அப்ப உன் எழுத்துதான்."

ஜோயல் தட்டைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. "யாரு கை முடிக்குதோ அவங்க போண்டா வாங்கணும். அதான ரூல்சு? நான் வாங்கறேன், போ. எழுத்த அப்பால பாத்துக்கலாம்."

மெர்சி முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. அவள்மேல் கேன் வாடை அடித்தது. இசக்கிசெல்வி ஓரடி கிட்டே போனாள். மெர்சி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராத. நான் குளிக்கணும். உன் வூட்டுக்காரராண்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்லுதேன்."

"இன்னிக்கே."

"இன்னைக்கே."

*

மழை விட்டு, சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. சுடலை கேட்டுக்கு வெளியே காலூன்றி நின்றான். அவள் ஏறி உட்கார்ந்ததும் திரும்பி மோந்தான். இன்னொரு தடவையும் மோந்தான்.

"என்னட்டி, ஒண்ணுமே அடிக்கலிய?"

"உள்ள போகல."

அவன் முகம் அப்படியே நின்றது. இந்தச் சொல்லை அவன் போன பிள்ளைக்கும் இதே கேட்டில் கேட்டிருக்கிறான். அன்றைக்கு விசில் அடித்தான், வாட்ச்மேனுக்கு முட்டாய் கொடுத்தான். இன்றைக்கு முன்பக்கம் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எப்போல இருந்து தெரியும்?"

"கொஞ்ச நாளாச்சு."

"எங்கிட்டச் சொல்லல."

"சொன்னா விட்டுருப்பீங்களா?"

"விட்டுருக்க மாட்டேன்." கொஞ்சம் கழித்து, "எறங்கு. ஆட்டோ பிடிக்கேன்" என்றான்.

"வேண்டாம். ஏறியாச்சுல்லா."

வண்டியை எடுத்தான். நடக்கிறவர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாத ரோட்டில் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் போனான். பின்னால் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது.

"இது என்ன உருட்டு? கொஞ்சம் வெரசாத்தான் போங்க."

அவன் வேகம் கூட்டவில்லை.

"வேல என்னாச்சு?"

"கொட்டிட்டேன். கொஞ்சம் அள்ளியிருக்காங்க. நாளைக்கு ஜோயலு செய்வான். நான் போகணும்."

"உள்ள போக மாட்டல்லா?"

"வாசல்ல நிப்பேன்."

லாரி ஒதுங்கி முன்னே போனது. சேற்றுத் தண்ணீர் இருவர் காலிலும் அடித்தது. அவன் துடைக்கவில்லை.

"நிக்காத," என்றான். "ஒரு ஸ்டூலு போடச் சொல்லு."

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் மாடியில் அவளுடைய மேடை விளக்கு எரிந்தது. ஜோயல் அங்கேதான் நிற்கிறான் போலிருக்கிறது. வளைவில் அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்தது. பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய் மட்டும்தான் இருந்தது.